கண்ணி எண்ணும் பிள்ளைகள்

அரூர்ப் பக்கம் ஒரு காலத்தில் டி.வி. பெட்டிமேல் குரோஷா விரிப்பு இல்லாத வீடு அரிது. பெட்டி தட்டையானதும் விரிப்பு போயிற்று, ஊசி பீரோவில் தங்கிவிட்டது. இந்தக் கோடை விடுமுறையில் அதைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பையன்களும் வந்தார்கள்.

வட்டம் பின்ன நடுவில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12, பிறகு 18. குட்டைக் கண்ணியில் சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் துணி தரையோடு படியும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி 18க்கு மேல் கூட்டாமலே சுற்றிக்கொண்டு போனாள்.

“ஏன் அத்தை, எனக்கு மட்டும் கிண்ணமாட்டம் குழியுது?”

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பையனுடைய கடைசிச் சுற்றை எண்ணினாள்: 30. தன்னுடையதை எண்ணினாள். ஒன்றும் பேசாமல் நூலை இழுத்தாள், சரசரவென்று பிரிந்தது. இன்னொருவன் கண்ணிக்குக் கண்ணி இரண்டு போட்டதில் ஓரம் கோழிக்கொண்டைப் பூவாகச் சுருண்டது. பிரிக்க வேண்டாம் என்றேன். யூக்ளிட்டுக்கு அடங்காத வளைபரப்பைக் காட்டும் காகித மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோகின்றன என்று, 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை இப்படிக் கண்ணி பெருக்கித்தான் பின்னினார்.

குரோஷா பின்னினால் பொறுமை வரும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அவசரக்காரப் பிள்ளை அவசரமாகத்தான் பின்னுகிறது. பிரிப்பதற்கு அஞ்சாமை வருகிறது, அது நிச்சயம். கணக்கு நோட்டில் அடித்தது அடித்ததாகவே கிடக்கும். இங்கே தப்பான இடம்வரை பிரித்தால் போதும், அதே நூல் மறுபடி உதவும்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைத் திரை சொல்லித்தராது. விரலைத் தொட்டுத் தளர்த்த ஓர் ஆள் வேண்டும். நம் மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் இடையில் விட்டுப்போனது. நினைவு வைத்திருந்த சில மூத்த பெண்களிடம் உட்கார்ந்துதான் இளையவர்கள் மறுபடி கற்றார்கள். மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தில் தொடங்கியது, இன்று ‘போர்கை’ என்ற கைவினைஞர் அமைப்பாக நிற்கிறது.

பிள்ளைக்கு வாங்குவதென்றால் 4 மி.மீ. ஊசியும் சற்றுப் பருமனான உல்லன் நூலும் போதும். வெளிர் நிறமாகப் பாருங்கள். கறுப்பில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, எண்ண முடியாமல் பிள்ளை எழுந்து போய்விடும்.