பொல்கஹவெலவில் கோச்சி மாறிய வருடம்



கொஞ்ச நாளாக ஊரில் இரண்டு வீடுகளில் ஒரே பேச்சு. மாப்பிள்ளைக்குத் தூரத்தில் வேலை, பிள்ளைக்கு இங்கே வேலை, நிகாஹ் முடித்து எப்படிக் காலம் தள்ளுவது என்று. ரெண்டு பேரின் உம்மாமாரும் எங்களிடம் வந்து கேட்டார்கள். வாயால் சொன்னது பாதி விட்டுப்போயிற்று. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

எங்கள் நிகாஹ் 2014 டிசம்பரில், பாடசாலை விடுமுறை விட்ட கையோடு நடந்தது. ஜனவரியில் எங்களில் ஒருவர் வட்டவளையில் கரும்பலகைக்கு முன்னால். மற்றவர் பலாலியில், ஆமியில். அந்த வருடம் முழுக்க அப்படியேதான் போனது.

வரைபடத்தில் பார்த்தால் இலங்கை சின்ன நாடு. வட்டவளையிலிருந்து பலாலிக்குப் போய்ப் பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். ஒரு வழி, ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ், பிறகு கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 வீதி. மற்றது கோச்சி. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபர் 13இல்தான் யாழ்ப்பாணத்தைத் திரும்பத் தொட்டது. 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை வரை பாதை திறந்தார்கள். எங்களுக்காகவே திறந்த மாதிரி இருந்தது. மலைநாட்டுப் பாதையும் வடக்குப் பாதையும் பிரியும் இடம் பொல்கஹவெல. அங்கே இறங்கி மாற வேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தர் என்பதால் கையில் வொரண்ட் இருந்தது. அதை அரிசி மாதிரி அளந்து செலவழித்தோம். முழு லீவு கிடைத்தால் பலாலிக்காரர் பொல்கஹவெல வந்து, இரவு மெயிலைப் பிடித்து, நடுச்சாமம் தாண்டி ஹட்டனில் இறங்குவார். விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் குளிரில் உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் வருவார். லீவு குறைவு என்றால் வட்டவளைக்காரி கீழே இறங்குவாள். இரண்டு தடவை பொல்கஹவெலவில் மட்டுமே சந்தித்தோம். பிளாட்பாரத்தில் மூன்று மணித்தியாலம், ஒரு சோற்றுப் பார்சல், பிறகு அவரவர் கோச்சி. சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த ஸ்டேஷனின் டீக்கடை விலையெல்லாம் இன்றைக்கும் எங்களுக்கு ஞாபகம்.

இதைப் பெரிய தியாகமாகச் சொல்ல வரவில்லை. நம் ஊரிலேயே கட்டாருக்கும் சவூதிக்கும் போய் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்களின் வீடுகள் எத்தனை! அவர்களுக்குப் பொல்கஹவெலவும் கிடையாது.

ஆனால் கட்டாருக்குப் போனவரைப் பற்றி யாரும் கேட்காத கேள்வி ஒன்று எங்களிடம் கேட்கப்பட்டது. "அந்த உடுப்பை இன்னும் ஏன் போட்டிருக்கிறார்?" 2014 ஜூனில் அளுத்கமவில் நடந்தது எல்லோருக்கும் பச்சையாக இருந்த நேரம். நம் ஆக்கள் ஒரு மாதிரிக் கேட்டார்கள். தோட்டத்துப் பெற்றோர் வேறு மாதிரிக் கேட்டார்கள். யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் காட்டியும் இறக்கி விசாரிக்கப்பட்ட லயத்துப் பையன்கள் இன்று எங்கள் மாணவர்களின் தகப்பன்மார். டீச்சரின் மாப்பிள்ளை ஆமி என்றதும் சிலர் குரலைத் தாழ்த்தினார்கள். அதில் பிழை இல்லை.

எங்களுக்குள் இதைப் பேசித் தீர்க்கப் பல இரவுகள் போயின. இவருடைய வீட்டார் மலாயர், ஜாவா ஆக்கள் என்று நாம் சொல்வது. கொழும்பில் கொம்பனித்தெருவில் ரைபிள் ஸ்ட்ரீட், மலே ஸ்ட்ரீட் என்று இன்றும் இருக்கிறதே, அந்தப் பெயர்கள் இவர்களுடைய மூத்த தலைமுறைச் சிப்பாய்களால் வந்தவை. பேராசிரியர் ஹுஸைன்மியா 'ஓராங் ரெஜிமென்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சிலோன் ரைபிள்ஸ் படையை 1873இல் கலைத்துவிட்டார்கள். அதற்கு முன் 1840களின் கடைசியில் அதில் ஒரு பகுதி ஹாங்கொங் வரை காவலுக்குப் போனது. கப்பலில் கடிதம் போய் வந்த காலம். "எங்கட ஆக்கள் ஹாங்கொங் போனவங்க, உனக்குப் பலாலி தூரமா?" என்று மாமி சொல்லிச் சிரிப்பார். ஆறுதலா குத்தலா என்று கடைசி வரை விளங்கவில்லை.

உடுப்பைக் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம். தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பது, காணி தேடி, ஆளைத் தேடி கேம்ப் வாசலுக்கு வரும் ஓர் அம்மாவுக்காவது உதவும் என்று இவர் நினைத்தார். பாதி நாள் இவருடைய வேலையே அந்த அம்மாமார் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதுதான். அந்த முடிவு சரி என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

ரமழான் ஜூனில் வந்தது. முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு லீவு உண்டு, தமிழ்ப் பாடசாலையில் படிப்பிப்பவருக்குக் கிடையாது. வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஊர். அந்த மாதம் சிக்னலும் மழையில் நனைந்தது. ஜூனில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நம்மைவிடச் சில நிமிடம் பிந்தித்தான் மறையும். இங்கே பாங்கு சொன்னதும் வட்டவளை வாயில் பேரீச்சம்பழம், போனில் பலாலி காய்ந்த தொண்டையோடு காத்திருக்கும். "நீ முந்தித் திற, அதுதான் சுன்னத்" என்பார். திறந்துவிட்டு, அங்கே பாங்கு சொல்லும் வரை கஞ்சியில் கை வைக்காமல் இருப்போம்.

ஓகஸ்ட் 17 தேர்தல் கடமை முடிந்த பிறகுதான் வடக்குப் பயணம் சரிவந்தது. (ஜனவரியிலும் ஓகஸ்டிலும் நாங்கள் இருவருமே தபால் வாக்காளர்கள்.) யாழ்ப்பாணத்தில் ஜும்ஆவுக்கு சோனகத் தெருவுக்குப் போனோம். 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்களின் தெரு. கூரையில்லாத சுவர்கள், நடுவில் திரும்பி வந்த சில குடும்பங்கள். ஒஸ்மானியாவில் பிள்ளைகளின் சத்தம். ஒரு முதியவர் கேட்டார், "நீங்களும் திரும்பி வந்த ஆக்களா மகள்?" இல்லை என்றோம். மகளின் கணவர் என்ன வேலை என்று அடுத்து கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டோம்.

ஒக்டோபரில் ஒரு சுபஹ் நேரம் வாப்பா வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஏழு மணிக்குள் பலாலியில் லீவு கிடைத்துவிட்டது, அதற்கு அல்லாஹ் அந்த மேலதிகாரிக்கு நல்லருள் புரியட்டும். கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். இங்கே ஜனாஸாவை மறுநாள் வரை வைப்பதா என்று பேச்சு வந்தது. மருமகன்தானே, மகன் இல்லாத வீட்டில் அவர்தானே தோள் கொடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். வைக்க வேண்டாம், அடக்குங்கள் என்று பஸ்ஸிலிருந்தே இவர் சொன்னார். அஸருக்குப் பின் அடக்கினார்கள். இவர் வந்து சேரும்போது இஷா முடிந்து வெகுநேரம். பையை வைத்துவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு மழையிலேயே மையவாடிக்குப் போனார். பள்ளி ஜமாஅத்தில் நான்கு பேர் கூடவே போனார்கள். அந்த நால்வரில் இருவர், உடுப்பைப் பற்றிக் கேட்டவர்கள்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். நிகாஹ் பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள். மௌத்துக்கு வர முடியாமல் போகலாம், பிரசவத்துக்கும் வர முடியாமல் போகலாம். அப்போது யார் என்ன முடிவெடுப்பது, யார் துணைக்கு நிற்பது? நகைக் கணக்கைவிட இதற்குத்தான் அவசரம்.

இடமாற்றத்துக்கு இருவருமே எழுதிப் போட்டோம். டீச்சரின் கடிதத்துக்கு இன்று வரை பதில் இல்லை. இவருக்கு அடுத்த ஜனவரியில் தியத்தலாவைக்குக் கிடைத்தது. அதே மலைநாட்டுப் பாதை. வட்டவளையில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம், நேரத்துக்கு வந்தால்.