எந்த வருஷம், தம்பி?

இருபத்தாறு வயதில் நான் புதுமைப்பித்தனின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தேன். புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் அப்போது தமிழாசிரியர் வேலை. சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிடுவேன். நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். எங்கள் மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலனுக்கு 1975ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்திருந்த நேரம் அது. ஊரில் ஒரு பாதி கொண்டாடியது. மறு பாதி, இலக்கியம் என்றால் என்ன என்று சண்டை பிடித்தது. நான் சண்டை பிடித்த பாதியில் இருந்தேன். புதுமைப்பித்தனைத் தூக்கிப் பிடித்தால் அந்தச் சண்டையில் ஜெயித்துவிடலாம் என்று நம்பினேன். ஒரு மனிதனின் வாழ்க்கையை எழுதுவதற்கு அது நல்ல காரணம் இல்லை என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் காதில் ஏறியிருக்காது.

நாற்பது பக்க நோட்டில் எழுதி, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படித்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தது, சொந்த ஊரான திருநெல்வேலி, மணிக்கொடி, தினமணி, கடைசியில் சினிமா வேலைக்காகப் புனே போய்க் காசநோயோடு திரும்பியது, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. நடுநடுவே என் ஆவேசமும் இருந்தது. அவர் பட்டினியால் செத்தார் என்று எழுதியிருந்தேன். தமிழ்நாடே சேர்ந்து அவரைக் கொன்றது என்றும் எழுதியிருந்தேன். ஒரு விஷயம் மட்டும் அதில் இல்லை. அவருடைய சில கதைகள் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்ற பேச்சு. அதை நான் தெரிந்தேதான் விட்டேன்.

எப்படித் தெரியும் என்றால், தொ. மு. சி. ரகுநாதனே அதை எழுதியிருக்கிறார். 1951இல் அவருடைய 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட முடியவில்லை. புதுமைப்பித்தன் இறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நண்பராக, சீடராகப் பழகியவர் எழுதிய புத்தகம் அது. அவரே 'சமாதி', 'நொண்டி', 'பயம்' முதலான சில கதைகளைப் பேர் சொல்லி, இவை மாப்பசான் தழுவல்கள் என்று எழுதிவைத்தார். அந்த அளவுக்கு நெருங்கியவரே மறைக்காததை, புதுமைப்பித்தனைக் கண்ணால்கூடப் பார்த்திராத நான் மறைத்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்தும்.

கூட்டம் முடிந்து நான் சைக்கிளை எடுக்கும்போது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, கையில் குடை. அவரை எங்கள் தெருப் பிள்ளைகள் 'முசே தாத்தா' என்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்கால் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு புதுக்கோட்டைக்கு வந்துவிட்டவர். "நல்லாப் படிச்சீங்க தம்பி. நேரம் கெடைக்கிறப்ப வீட்டுப் பக்கம் வாங்க. என்கிட்ட மாப்பசான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். மண்டபத்திலேயே எழுந்து கேட்டிருந்தால் எனக்கு முகம் காட்ட முடியாமல் போயிருக்கும். அவர் எல்லாரும் கலையும் வரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் போனேன். ரேழியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அட்டை பழுத்துப்போன பிரெஞ்சுப் புத்தகங்கள். ரகுநாதன் பேர் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். தமிழில் நான் ஒரு பத்தி படிப்பேன். அவர் பிரெஞ்சில் ஒரு பத்தி படித்து, எனக்குப் புரிகிற தமிழில் சொல்லுவார். ஆறேழு சாயங்காலம் இப்படிப் போயிற்று. மகள் கொண்டுவந்து வைக்கும் காபி ஆறிப்போகும். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சில கதைகள் தழுவல்கள்தான்.

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முதல் தப்பைவிட அது பெரியது. ஏமாந்துவிட்டோம் என்ற கோபம் வந்து, புதுமைப்பித்தன் திருடர் என்று ஒரு கட்டுரை எழுதி எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் ஓடினேன். ஒரு மாதம் முன்பு தெய்வமாக இருந்தவர் இப்போது திருடர். முசே தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "எந்த வருஷம், தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"இந்தக் கதையை அவர் எந்த வருஷம் எழுதினார்? எந்தப் பத்திரிகையில வந்துச்சு? அப்ப மூலத்தோட பேர் போட்டிருந்துச்சா? அவரே தேர்ந்து போட்ட புஸ்தகத்துல இது இருக்கா, இல்ல செத்த பிறகு மத்தவங்க பொறுக்கிச் சேர்த்ததா?"

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. தழுவல் என்று நிரூபித்துவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று இருந்தேன். அவர் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சாட்சியம் எழுதிய மனிதர். என் கட்டுரையில் தீர்ப்பு இருக்கிறது, வழக்கு இல்லை என்றார்.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் போனபோது புதுமைப்பித்தனே வேறு மாதிரி தெரிந்தார். அவர் உயிரோடு இருக்கையில் வந்த 'புதுமைப்பித்தன் கதைகள்' 1940ஆம் ஆண்டுத் தொகுப்பு. 'காஞ்சனை' 1943. 1937இல் மணிக்கொடி இதழில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று ஒரு விவாதம் நடந்தது. வெளிநாட்டுக் கதையைத் தமிழுக்குக் கொண்டுவர மொழிபெயர்ப்பே சரி, தழுவல் திருட்டு என்று சாதித்தவர் புதுமைப்பித்தன்தான். அவருடைய தழுவல்களோ அந்த விவாதத்துக்கு முந்திய தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவை. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாம் செய்ததையே அவர் பின்னால் கண்டித்தார் என்றும் படிக்கலாம்; செய்து பார்த்துத் தெளிந்தார் என்றும் படிக்கலாம். எது சரி என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இரண்டாவதுதான். ஆனால் ஆண்டைச் சொல்லாமல் என் எண்ணத்தை மட்டும் சொன்னால், அது மறுபடியும் நான் மண்டபத்தில் படித்த நோட்டுதான்.

மாப்பசானின் வாழ்க்கைக் கதையையும் முசே தாத்தாதான் எனக்குச் சொன்னார். அந்த மனுஷர் உயிரோடு இருந்தபோதே அவரைச் சுற்றி வம்பு. 1883இல் வந்த முதல் நாவலை ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் விற்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். செத்த பிறகு வம்பு இன்னும் வளர்ந்தது. அவருடைய குருவான ஃப்ளாபேர்தான் உண்மையில் அவருக்குத் தகப்பன் என்று ஓர் ஊர்ப்பேச்சு. அம்மாவும் ஃப்ளாபேரும் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள், குரு சீடனைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டார். பேச்சு கிளம்ப இது போதாதா? கணக்குப் பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள். மாப்பசான் பிறந்தது 1850 ஆகஸ்ட் 5. ஃப்ளாபேர் 1849 அக்டோபர் கடைசியிலேயே பாரிஸை விட்டு எகிப்துப் பயணம் கிளம்பிவிட்டார். நாள் இடிக்கிறது. எத்தனையோ பேர் கிசுகிசுத்ததை இரண்டு தேதிகள் ஆட்டங்காண வைத்தன.

தேதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. மாப்பசான் பிறந்தது மிரோமெனில் மாளிகையிலா, ஃபெக்கான் என்ற துறைமுக ஊரிலா என்பதில் இன்னும் வழக்கு இருக்கிறது. பதிவில் மாளிகை என்று இருக்கிறது. அம்மாவும் மாளிகை என்றே சாதித்தாள். மகன் பிறந்த இடம் பெருமையாக இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பது எந்த நாட்டில்தான் இல்லை? அந்த இடத்தில் எழுதுகிறவன் இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

பிறகு நோய். மாப்பசானுக்கு மேகநோய். மூளை வரை அது போயிற்று. 1892 ஜனவரியில் கழுத்தை அறுத்துக்கொள்ளப் பார்த்தார். பாரிஸில் ஒரு மனநோய் விடுதியில் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அங்கேயே இறந்தார். அவரிடம் வேலை பார்த்த ஃபிரான்சுவா 1911இல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டான். எஜமானைப் பற்றிப் பக்தியோடு எழுதிய புத்தகம். இன்னொரு பக்கம், ஒழுக்கம் கெட்டவனுக்குக் கடவுள் கொடுத்த கூலி என்று பேசியவர்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நோயைப் பத்தி எழுதலாமா கூடாதாய்யா?" என்று கேட்டேன். தாத்தா கொஞ்ச நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுதுங்க தம்பி. வைத்தியன் என்ன சொன்னானோ அதை எழுதுங்க. தண்டனைன்னு எழுதாதீங்க. அது வைத்தியன் சொன்னதில்ல" என்றார்.

என் நோட்டில் பட்டினியால் செத்தார் என்று எழுதிய வரி அப்போதுதான் எனக்குக் குத்தியது. புதுமைப்பித்தனுக்குப் பணக்கஷ்டம் உண்டு, சந்தேகமில்லை. மனைவி கமலா அம்மாளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தபோது, படித்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவரைக் கொன்றது காசநோய். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் போன இடத்தில் முற்றிய நோய். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது மனைவி இருந்த ஊருக்கு. அந்தக் கடிதங்களை வைத்திருந்து காப்பாற்றிய பெண்ணை என் ஒரு வரி இல்லாமலே ஆக்கிவிட்டது. அவர் பட்டினியால் செத்தார் என்றால் கமலா அம்மாள் எங்கே போனார்? இரக்கத்தினால்கூட ஒரு மனிதனுக்கு அநியாயம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். வெறுப்பினால் எழுதுகிறவனையாவது வாசகன் சந்தேகப்படுவான். அழுதுகொண்டே எழுதுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

இறக்கும்போது இருவருக்கும் நாற்பத்திரண்டு வயதுதான். மாப்பசான் 1850 முதல் 1893. புதுமைப்பித்தன் 1906 முதல் 1948. தாத்தாதான் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நான் அந்த வரலாற்றை முடிக்கவில்லை. பள்ளி, கல்யாணம், பிள்ளைகள், இடமாற்றம் என்று வருஷங்கள் ஓடின. என்னால் முடியாததை வேறு பலர் என்னைவிடப் பொறுமையாகச் செய்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த காலச்சுவடு பதிப்பு, ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில் எப்போது வந்தது என்று தேடிக் கால வரிசையில் வைத்தது. அதைக் கையில் வாங்கிய அன்று இரவு நான் கதை எதுவும் படிக்கவில்லை; பின்னிணைப்பை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். ரகுநாதனும் விடவில்லை. 1999இல், எழுபத்தைந்து வயதுக்கு மேல், தம் நண்பரைப் பற்றிய விமர்சனங்களுக்குப் பதில் சொல்லி இன்னொரு புத்தகம் எழுதினார். அதில் கோபம் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஐம்பது வருஷம் ஒரு நண்பனின் பேருக்காக உட்கார்ந்து எழுதியவரின் கோபம் அது. தழுவல்களைத் தாமாகவே எழுதிவைத்த கையும் அதே கைதான்.

இப்போது யாராவது இளைஞர்கள், எழுத்தாளர் ஒருவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று என்னைப் பார்க்க வந்தால், நான் அவர்களைத் திருக்கோகர்ணத்துக்கு அனுப்புகிறேன். அங்கே பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சேர்த்து வளர்த்த ஞானாலயா நூலகம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், முதல் பதிப்புகள், பழைய இதழ்கள். இரண்டு ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் தொடங்கிய காரியம். ஒரு கதை முதலில் எந்த உருவத்தில் வந்தது, முன்னுரை எந்தப் பதிப்பில் காணாமல் போயிற்று என்றெல்லாம் தேடுகிறவனுக்கு அங்கே ஒரு மேஜையும் நாற்காலியும் கிடைக்கும். என் இருபத்தாறு வயதில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், இரண்டு தப்பில் ஒன்றையாவது தவிர்த்திருப்பேன்.

முசே தாத்தா 1983இல் இறந்தார். நான் அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். செய்தி தெரிந்து வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. ரேழியில் தகரப் பெட்டி இல்லை. வீட்டில் பிரெஞ்சு படிக்க யாரும் இல்லாததால், புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டாரைக் குறைசொல்ல மாட்டேன். அந்தப் புத்தகங்கள் யாருக்காவது தேவைப்படும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்க வேண்டும். நாங்கள் சேர்ந்து படித்த பக்கங்களின் ஓரத்தில் அவர் பென்சிலால் குறித்த தமிழ்ச் சொற்களும் அதோடு போயின.

உங்கள் வீட்டுப் பரணில் ஓர் அப்பாவோ தாத்தாவோ கட்டிவைத்த பழைய இதழ்கள் இருக்கலாம். அந்தக் காலத்துக் கடிதங்கள், தேதி போட்ட டைரிகள், அட்டை கிழிந்த முதல் பதிப்புகள் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டை வழியாகப் போகும்போது திருக்கோகர்ணத்தில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.