நீர்க்கடம்பு தந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

மயிலத்திலிருந்து எழுதுகிறேன். வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி, வைத்த செடியெல்லாம் வேரழுகிப் போகிறதென்று திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் உங்கள் நாற்றுப்பண்ணைக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? மண்ணடித்து மேடாக்கு, நெட்டிலிங்கத்தை வரிசையாக வை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் மட்டும், "பள்ளத்தை மூடாதம்மா, அதுக்குன்னே ஒரு மரம் இருக்கு" என்று நீர்க்கடம்பங்கன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் இந்த நன்றியை ஊரறியச் சொல்கிறேன்.

வேடந்தாங்கல் ஏரிக்குள் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றபடி நாரைகளுக்குக் கூடு கட்ட இடம் கொடுப்பது இந்த மரம்தான். வியட்நாமில் இதை அழகுக்காகவே வளர்க்கிறார்கள். ஹனோய் நகரின் நடுவே உள்ள ஹோவான் கியெம் ஏரிக்கரையிலும் நிற்கிறது. முருகன் குன்றின் மேலிருக்கும் நம் ஊரில் ஒரு கடம்பு வீட்டுக்கு முகமாக நிற்பது எனக்குத் தனி நிறைவு.

கோடையில் வந்து பாருங்கள் அக்கா. கிளை நுனிகளிலிருந்து முழ நீளச் சரங்கள் தொங்குகின்றன. இதழ் சின்னதுதான், கண்ணைப் பறிப்பது கொத்துக் கொத்தான சிவப்பு மகரந்த இழைகள். இரவில் மலர்ந்து, விடியும்போது இழைகளும் இதழும் ஒன்றாகக் கழன்று விழுகின்றன. பிஞ்சாகப் போகும் அடிப்பகுதியும் அதிலிருந்து நீளும் மெல்லிய இழையும் மட்டும் சரத்தில் தங்கிவிடும். தண்ணீர் தெளிக்கக் கதவைத் திறந்தால் வாசலே சிவந்து கிடக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு மலையேறப் போகிறவர்கள் நின்று என்ன மரம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

"பக்கத்துல எதையும் வைக்காத. நடுக்கொம்பை மட்டும் மூங்கிலோட கட்டி மேல ஏத்து. தொங்குற கிளையில கத்தி படக்கூடாது" என்றீர்கள். அப்படியே செய்தேன். பின்னால் வெள்ளையடித்த சுவரும் முன்னால் வெறும் தரையுமாக விட்டதில்தான் சரங்கள் ஒவ்வொன்றும் எடுத்துத் தெரிகின்றன. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டியதைத் தவிர வேறு பாடு இல்லை.

பள்ளமான வாசல் உள்ளவர்கள் லாரி மண்ணுக்குச் செலவழிக்குமுன் உங்களிடம் வந்து கேட்கட்டும். ஏரிக்கரைகளிலும் இது வரவேண்டும் என்பது என் ஆசை. இப்போது நாலு பட்டை கொண்ட காய்கள் முற்றத் தொடங்கியிருக்கின்றன. பழுத்து விழுந்ததும் ஒரு பை நிறையக் கொண்டுவருகிறேன். நாற்றுப் பைக்கு ஒன்றாக ஊன்றி வையுங்கள்.

அன்புடன்,
மயிலத்திலிருந்து உங்கள் தங்கை