மாமாவின் சுட்டுவிரல்

எங்கள் மாமா தேநீர்க் குவளையைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில்தான் பிடிப்பார். வலது கைச் சுட்டுவிரல் இல்லை. "மண்வாரி தின்னுடுச்சு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். பக்கெட்டில் கை மாட்டியிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கிள்ளானில் ஒரு பட்டறையில் நானும் மெக்கானிக்காகச் சேர்ந்தபோதுதான் முழுக்கதையையும் சொன்னார். செம்பனைத் தோட்டத்தில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்த மண்வாரி. ஹைட்ராலிக் ஹோஸில் எங்கோ எண்ணெய்க் கசிவு. இன்ஜின் ஓடும்போதே, ஓட்டை எங்கே என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். ஊசி குத்தியது போல ஒரு சுருக். இரத்தம்கூட வரவில்லை. கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நள்ளிரவில் கை முழங்கைவரை வீங்கி, வலி தாங்காமல் அத்தையை எழுப்பினார். மறுநாள் அறுவை சிகிச்சை. விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 பாருக்குச் சற்று அதிகம். மண்வாரி ஹோஸில் அது 300 பாரையும் தாண்டும். அந்த வேகத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய், தோலைத் துளைத்துச் சதைக்குள் பரவிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலி இல்லையே என்று காத்திருந்தால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், அழுத்தமான எண்ணெய் உள்ளே பாய்ந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். வெறும் குத்துக்காயம் என்றால் மருந்து போட்டு அனுப்பிவிடவும் கூடும்.

இப்போது காலையில் என் முதல் வேலை ஹோஸ்களைப் பார்ப்பதுதான். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, கையேட்டில் உள்ளபடி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கிட்டே போவேன். ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பிவலை தெரிகிறதா, எங்காவது உப்பியிருக்கிறதா, ஃபிட்டிங் அருகே தூசி ஈரமாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். கம்பி தெரிந்தால் ஹோஸை மாற்றித்தான் ஆக வேண்டும். டேப் சுற்றி இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்பார் முதலாளி. அந்த விஷயத்தில் மட்டும் அவரோடு சண்டை போடுவேன். இன்ஜின் ஓடும்போது கசிவைத் தேட வேண்டியிருந்தால், மைலோ பெட்டி அட்டையைக் கிழித்து நீளக் கம்பில் கட்டி, தள்ளி நின்று நீட்டுவேன். எண்ணெய் அட்டையில் பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

போன மாதம், பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் ஓடும் இயந்திரத்தின் ஹோஸை நோக்கிக் கையை நீட்டினான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"கையுறை போட்டிருக்கேனே அண்ணே?" என்றான்.

அன்று மாலை அவனை மாமா வீட்டுக்குத் தேநீர் குடிக்க அழைத்துப் போனேன்.