36,062 பைட்

ஜூலை 8, திங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்கான அன்னக் கரை இன்று முடிந்தது. அகலம் 480 புள்ளி, உயரம் 600 வரி. ஒரு புள்ளி ஜக்கார்டு பெட்டியில் ஒரு ஹூக்கு. ஒரு வரி ஓர் அட்டை. கருப்பு வெள்ளை பிஎம்பி-யாகச் சேமித்தால் மொத்தம் 36,062 பைட். கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தது இவ்வளவுதான்.

முதலாளி ஒன்றுதான் சொன்னார்: "வாட்ஸ்அப்புல போடாதம்மா." தை மாதம் எங்கள் முந்தி டிசைன் ஒன்று, தறியிலிருந்து சேலை இறங்கும் முன்பே வேறொரு கடையின் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உண்மையில் வாட்ஸ்அப் 2016 முதல் வழியில் பூட்டித்தான் கொண்டுபோகிறது. திறந்து கிடப்பது போய்ச் சேரும் போன்தான்: கேலரி, தானாக ஏறும் நகல், வீட்டுப் பிள்ளைகளின் கை. போதாததற்கு, படமாக அனுப்பினால் அதைக் கசக்கி ஜேபெக் ஆக்கிவிடும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் ஓரம் விழும். சாம்பலுக்கு அட்டையில் ஓட்டை போடுவதா, விடுவதா?

ஜூலை 9, செவ்வாய்

பிள்ளையார்பாளையத்தில் அட்டை குத்தும் அண்ணாவிடம் விண்டோஸ். எங்கள் பின்னறைப் பெட்டியில் உபுண்டு. நடுவே யாரோ எப்போதோ போட்டுவைத்த எஃப்டிபி. சோதனைக்கு ஒரு பழைய மயில் புட்டாவை அதில் இறக்கச் சொன்னேன். கோப்பு ஒரு பைட் பெருத்துப்போய் இறங்கியது. மயிலுக்குக் கழுத்து வரை பழுதில்லை, தலை மட்டும் எட்டு இழை தள்ளி நிற்கிறது!

காரணம் பிடிபட்டபோது சிரிப்பு வந்தது. விண்டோஸோடு வரும் பழைய எஃப்டிபி கட்டளை, நாம் மாற்றச் சொல்லாவிட்டால் கோப்பை எழுத்துக் கோப்பாகவே நினைத்து இறக்கும். லினக்ஸில் வரி முடிவுக்கு ஒரு பைட், விண்டோஸில் இரண்டு. நான்கு காலி, ஒரு புள்ளி, ஒரு காலி, ஒரு புள்ளி, ஒரு காலி என்று எட்டுப் புள்ளி வரிசையாக விழுந்தால் அது வரி முடிவுக்கான பைட்டேதான். மயில் கழுத்தில் அப்படி ஓர் இடம். அங்கே ஒரு பைட்டைச் செருகிவிட்டது. பைட்டுக்கு எட்டு ஹூக்கு. பிஎம்பி கீழிருந்து மேலாக எழுதப்படுவதால் கால் தப்பித்தது, தலை போயிற்று.

ஜூலை 10, புதன்

எழுத்து முறையை மாற்றினால் மயில் சரியாகிவிடும். ஆனால் எஃப்டிபி-யில் அதைவிடப் பெரிய குறை உண்டு. கடை வைஃபையில், வலையில் போவதை அப்படியே காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு எஃப்டிபி-யில் நுழைந்து பார்த்தேன். என் பெயர், அடுத்த வரியில் கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

எஃப்டிபி-யைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அதை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷன், கான்பூர் ஐஐடி-யின் முதல் தொகுதி மாணவர், அப்போது எம்ஐடி-யில் இருந்தார். ஒருவரையொருவர் அறிந்த சிலரின் கணினிகளுக்கு நடுவே எதற்குப் பூட்டு? 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கிருந்த தாத்து ய்லோனென் அதற்குப் பதிலடியாக, எல்லாவற்றையும் பூட்டிக் கொண்டுபோகும் எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். எஃப்டிபி-க்கு வாசல் எண் 21, டெல்நெட்டுக்கு 23. இடையில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கினார். அந்த 22-இல்தான், எஸ்எஸ்ஹெச்-இன் பூட்டுக்குள், கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி போகிறது. இனி எங்களுக்கும் அதுதான். குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021-இலேயே எஃப்டிபி-யைக் கைகழுவிவிட்டன.

ஜூலை 12, வெள்ளி

அண்ணாவுக்கு எஸ்எஃப்டிபி-யில் தனிக் கணக்கு. அவர் கோப்புறை மட்டும் அவர் கண்ணில் படும்படி அடைத்தாயிற்று. மற்ற டிசைன்களின் பெயர்கூடத் தெரியாது. இதில் ஒரு வீம்பு: அடைக்கும் கோப்புறை ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தாக வேண்டும், வேறு யாருக்கும் அதில் எழுதும் அனுமதி கூடாது. இருந்தால் உள்ளே விட்ட வேகத்தில் வெளியே தள்ளும். அவர் எழுத உள்ளே இன்னொரு கோப்புறை.

பழைய எஃப்டிபி-யை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 13, சனி

அண்ணா போனில். "ஏம்மா, இன்னாமோ இங்கிலீஷ்ல கேக்குது. எஸ் குடுத்துடட்டா?"

"குடுக்காதீங்கண்ணா. அதுல ஷா256-னு போட்டு நீளமா எழுத்து இருக்கா? படிங்க."

சர்வரின் கைரேகை அது. என் திரையில் இருப்பதும் அவர் திரையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் நடுவில் வேறு யாரும் உட்காரவில்லை என்று பொருள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டதில் டீ ஆறிவிட்டது என்று கோபித்துக்கொண்டார். ஒத்துப்போனது. இனி சர்வர் சாவி மாறினாலொழியக் கேட்காது.

அவர் உள்ளே நுழையும் சாவிக்கு ஒரு ரகசியத் தொடர் போடச் சொன்னேன். பேத்தி பெயரைப் போடுகிறேன் என்றார். பாவில் நடக்கும் ஏதாவது நான்கு வேலையைச் சேர்த்துப் போடுங்கள் என்றேன். என்ன போட்டார் என்று கேட்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

அன்னம் போய்ச் சேர்ந்தது. 36,062, கூடவில்லை, குறையவில்லை. வழியில் மாறாமல் எஸ்எஃப்டிபி பார்த்துக்கொள்ளும். அவர் பழைய திருத்தத்தைத் திறந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை. சர்ட்யூட்டில் கட்டளையில் கோப்பின் ஷா256 எடுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகே குத்தச் சொன்னேன்.

சாயங்காலம் முதலாளி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். குத்திய அட்டைக் கட்டு டிவிஎஸ் வண்டியில் தறிக்காரர் வீட்டுக்குப் போகுமே, ஓர் இரவு வேறு கையில் தங்கினால் அட்டைமேல் அட்டை வைத்து நகல் குத்திவிடலாமே? ஆமாம், என்னிடம் அதற்குக் கட்டளை எதுவும் இல்லை. இனி கட்டை அவரே எண்ணிக் கொடுத்து, சேலை இறங்கியதும் 600 அட்டையையும் எண்ணி வாங்கப்போகிறாராம். அதற்கென்று ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறார்.