வேங்கிக்காலில் ஒரு மனை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், கிரிவலம் வருவார்கள். வேலூர் சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் வேலை இருந்தாலொழிய யாரும் இறங்குவதில்லை. நாங்கள் 2024 செப்டம்பரில் இறங்கியது மனை பார்க்க. இவர் ரிடையரான பணம் பாங்கில் இருந்தது. மொட்டை மாடியிலிருந்தே கார்த்திகை தீபம் பார்க்கலாமே என்று எனக்கும் ஆசை.

என் அத்தை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வயது எண்பதுக்கு மேல்.

"நான் வந்தப்போ ஏரியும் வயலுந்தாண்டி ஊரு. மதகுக்குக் கீழே நெல்லு, மேட்டுலே மல்லாக்கொட்டை. கலெக்டர்கிட்டே மனு கொடுக்கணும்னா உங்க மாமா விடியக்காலம் கட்டுச்சோத்தோட வேலூருக்கு பஸ் ஏறுவார்."

போக மட்டும் 80 கிலோமீட்டர்! 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்தது. ஆபீஸ் வந்தால் கூடவே மெஸ், ஜெராக்ஸ் கடை, வாடகை வீடு எல்லாம் வராதா? வயல்கள் 'நகர்' ஆயின. நாங்கள் போனதற்கு முந்தின மாதம்தான் திருவண்ணாமலை மாநகராட்சி ஆகியிருந்தது. மனை விலையைச் சொல்லவா வேண்டும்!

மனையைப் பார்க்க அத்தையும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"மாப்பிள்ளே, கோவிச்சுக்காதீங்க. இது ஏரி கோடி போற வழி."

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து கீழே உள்ள ஏரிக்குப் போகும். அதைத்தான் கோடி போவது என்பார்கள். 'கால்' என்றாலே வாய்க்கால்தானே. ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"பத்திரமெல்லாம் சரியா இருக்கே அத்தை" என்றார் இவர்.

"தண்ணி பத்திரத்தைப் பார்த்தா வருது?"

அட்வான்ஸ் கொடுக்காமலே திரும்பினோம். இவர் இரண்டு மாதம் முணுமுணுத்தார்.

டிசம்பர் முதல் தேதி. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் ஏழு பேர் புதைந்து போனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. டி.வி.யைப் பார்த்து அழுதுகொண்டே அத்தைக்குப் போன் போட்டேன். அவள் வீடு மேட்டில் இருக்கிறது, பயமில்லை.

"அந்த மனை?" என்று இவரே கேட்டார்.

"முட்டி வரைக்கும் நிக்குது மாப்பிள்ளே."

இப்போதும் மனை தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். சித்திரையில் வரட்டுமா என்று கேட்டதற்கு அத்தை, "வெயில்லே எல்லா மனையும் நல்லாத்தாண்டி இருக்கும். ஐப்பசிலே வா, காட்டறேன்" என்றாள்.