வெப்பம் சுமந்தவரின் பங்கு

உணவு விடுதி ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள் உண்டு. துடைத்த மேசையும், சுழலும் விசிறியும், சலாம் கூறி வரவேற்கும் முதலாளியும் அமைந்தது ஒன்று. புகையும் வியர்வையும் கூச்சலும் மண்டிக் கிடப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு கதவு. அக்கதவைத் தாண்டி வரும் உணவின் சுவையை நாவார அறிந்த நாம், அதற்கு அப்பால் நிற்கும் மனிதரின் நிலையை எந்த அளவுக்கு அறிவோம்?

மேல்நாட்டார் சிலர் இக்கதவைத் திறந்து காட்டியுள்ளனர். பாரிஸ் நகர விடுதியொன்றில் பாத்திரம் கழுவி வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அவ்வனுபவத்தை 1933ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நியூயார்க் நகரச் சமையற்கலைஞர் அந்தோணி போர்டெய்ன் 2000ஆம் ஆண்டில் எழுதிய நூல், தீக்காயமும் வசைமொழியும் போதையும் மலிந்த சமையற்கட்டுகளை உலகுக்கு அம்பலப்படுத்தியது. படித்தவர்கள் திடுக்கிட்டனர். ஆயினும் பாரிசுக்கும் நியூயார்க்குக்கும் போய்த்தான் இதனைக் காண வேண்டும் என்பதில்லை.

நம் கடப்பாக்கம், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காண வருவோரும், மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டுத் தெற்கே பயணத்தைத் தொடர்வோரும் விடுமுறை நாட்களில் இவ்வழியே திரள்கின்றனர். இச்சாலையோர உணவகம் ஒன்றில், முன்னாளில் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் பணியாற்றுகிறார். ஒரு ஞாயிறு நண்பகலில் அவரைக் காணப் பின்புற வழியாகச் சென்றோம்.

"ஹஜ்ரத், இப்படி ஓரமாக நில்லுங்கள், எண்ணெய் தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் நம் முகத்தைக்கூடப் பாராமல் வேலையில் மூழ்கினார். ஒரு பக்கம் பரோட்டாக் கல்லின் அனல்; மறுபக்கம் தந்தூர் அடுப்பின் தகிப்பு. கொத்துப் பரோட்டாவின் தகர ஓசைக்கு மேலாகச் சப்ளையர்களின் குரல். அதற்கும் மேலாக, வீடுகளுக்கு உணவு அனுப்பும் நிறுவனங்களின் கைபேசி மணி. தரையெல்லாம் நீரும் எண்ணெயும் வழுக்கின. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்ற பிள்ளைகள் வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், தமிழ் அறியாதவர்கள். வெங்காயம் நறுக்குபவர் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டே நறுக்கினார். அரை மணி நேரம் நின்றதிலேயே நம் ஜிப்பா உடலோடு ஒட்டிக்கொண்டது. அவர்களோ காலை ஏழு மணி முதல் அங்கேதான் நிற்கிறார்கள். மாலையில் சிறிது ஓய்வு. பிறகு இரவு பதினொரு மணி வரை மீண்டும் அதே அனல்.

எனினும் அக்குழப்பத்தினுள்ளே ஓர் ஒழுங்கு இருக்கக் கண்டோம். பண்டாரி ஒரு சொல் சொன்னால் நால்வர் நகர்கின்றனர். அரிசி எப்போது ஊற வேண்டும், எப்போது வடிக்கப்பட வேண்டும், தேக்சாவின் மூடிமேல் எவ்வளவு தணல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கணக்கு. தம் போட்ட தேக்சாவைப் பொழுதுக்கு முன் திறந்தால் ஆவி போய்விடும். பிந்தித் திறந்தால் அடி பிடிக்கும். பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் எஸ்காஃபியர், படையில் சமையற்காரராக இருந்தபோது கண்ட அணிவகுப்பு முறையைப் பின்னர் விடுதிச் சமையற்கட்டுகளில் புகுத்தினார் என்பது வரலாறு. நம் பண்டாரிகளோ எந்தப் படையிலும் சேராமலே, கந்தூரிகளிலும் வலீமா விருந்துகளிலும் தலைமுறை தலைமுறையாக அந்தத் தளபதி வேலையைச் செய்து வருகின்றனர்.

சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் நம் மார்க்க மரபுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ என்னும் அறிஞர், கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்கு வழிகாட்டியாக அரபியில் நூலொன்று இயற்றினார். அதில் சமையற்காரர், வறுத்த மீன் விற்போர், ஹரீஸா கடைவோர் ஆகியோருக்கெனத் தனித்தனி இயல்கள் உள்ளன. பாத்திரங்களைக் கழுவி, ஈ மொய்க்காமல் மூடி வைக்க வேண்டும். கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவெல்லாம் வேகும் ஹரீஸாக் கொப்பரைக்கு முத்திரையிட வேண்டும். வைகறையில் பொறுப்பாளர் முன்னிலையில் முத்திரையை உடைத்துக் கடைய வேண்டும். இறைச்சியில் மோசடி நேராதிருக்க இத்தனை ஏற்பாடு! நம் நாட்டில் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே நோக்கம் கொண்டதுதான்.

இவை யாவும் உண்பவரின் நலம் காப்பவை. சமைப்பவரின் நலம் காப்பது எது? தமிழ்நாட்டில் உணவு நிறுவனத் தொழிலாளர்களுக்கென 1958ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை ஆகியவற்றை அது வரையறுத்தது. ஆனால் அதற்கும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதற்கு அடித்தளம் இட்டுவிட்டார்கள். பணியாளர் உணவைக் கொண்டுவந்து வைத்தால் அவரை உடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும். அதற்கு இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்கு அளிக்க வேண்டும் என்று பணித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அதில் கூறப்படும் காரணம்தான் நம் நெஞ்சைத் தொடுகிறது: அந்த உணவின் வெப்பத்தையும் அதனை ஆக்கும் பாட்டையும் ஏற்றவர் அவரே என்பது அக்காரணம். இங்கே கூலியைப் பற்றிய பேச்சில்லை. வெப்பத்தைச் சுமந்தவருக்கு உணவில் உரிமை உண்டு, அவ்வளவுதான். அடுப்படியின் அனலை ஓர் உரிமையின் ஆதாரமாக ஆக்கிய அருள்வாக்கு இது.

இதனை அளவுகோலாகக் கொண்டு நம் சமூகத்தார் நடத்தும் உணவகங்களை அளந்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை நம்மவரிடையே பிரியாணி நாள். ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் வெளியே வரும் வேளைக்குத் தேக்சா திறக்கப்பட வேண்டும். அப்படியானால் குத்பா ஓதப்படும் போது அடுப்பருகே நிற்பவர் யார்? முதலாளி முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பண்டாரியோ பள்ளிவாசலின் பாங்கொலியைப் புகைக்கூண்டின் அடியில் நின்று கேட்கிறார். நம் மாணவரிடம் இதனைக் கேட்டோம். "ஜும்ஆ கிடைப்பது மாதத்தில் ஒன்றுதான், ஹஜ்ரத்" என்றார். அவர் குரலில் குறையில்லை. பழகிப்போன சலிப்புத்தான் இருந்தது.

தனூரில் ரொட்டியும் அடுப்பில் கறியும் இருந்து, கவனிக்க மாற்றாள் இல்லாவிடில், ஜமாஅத்தை விடுவதற்கு அது தக்க காரணமாகும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் கூறுகின்றன. உழைப்பவரின் நெருக்கடியை உணர்ந்து வழங்கிய சலுகை அது. ஆனால் அதே இமாம்கள் ஒரு நிபந்தனையும் விதித்தனர்: தொழுகையைத் தவிர்க்கும் நோக்குடனேயே கொப்பரையை ஏற்றினால் அது காரணமாகாது. திடீரென நேரும் நெருக்கடிக்குச் சலுகை சரி; வாரந்தோறும் திட்டமிட்டு அதே வேளையில் அதே மனிதரை அடுப்பருகே நிறுத்துவதற்கு அதனைப் போர்வையாக்குவது முறையா? தம்மில் இருக்கும் தேக்சாவைக் காவல் காக்க ஒருவர் போதும். அந்த ஒருவரும் வாரம் ஒருவராக மாறலாம். ஜும்ஆ கடமையில்லாத பிற சமயச் சகோதரர் இருந்தால், கூடுதல் ஊதியம் தந்து அப்பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். வேண்டுவது செலவன்று, மனம்.

உண்பவர்க்கும் இதில் பொறுப்பு உண்டு. தட்டு வரச் சற்றே தாமதித்தால் சப்ளையரிடம் சீறுகிறோம். அச்சீற்றம் கதவைக் கடந்து பண்டாரியிடம் வசையாகச் சென்று, கடைசியில் பாத்திரம் கழுவும் பிள்ளையின் தலையில் இறங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள். பல்லாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூட 'ச்சீ' என்று கடிந்ததில்லை. இவ்விரு செய்திகளையும் மீலாத் மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். உணவகத்தின் மேசையில் அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

முதலாளிமார்க்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் சிலவே. புகை வெளியேறச் சுவரில் ஒரு விசிறி, கால் கடுத்தவர் சற்றே அமர ஒரு முக்காலி, விற்பனை முடிந்தபின் மிஞ்சியதை அன்றி, தேக்சா திறந்தவுடன் சமைத்தவர்க்கு ஒரு தட்டு, முறைவைத்து ஜும்ஆ. இவற்றால் எந்தக் கல்லாவும் வறண்டுவிடாது. பரக்கத் பெருகவே செய்யும்.

உணவளித்தவருக்காகத் துஆச் செய்வது நபிவழி. விலை கொடுத்து உண்டதால் அக்கடன் தீர்ந்துவிடுவதில்லை. நாம் தரும் பணம் கல்லாவில் அமர்ந்திருப்பவரைச் சேர்கிறது. நம் துஆவாவது அந்தக் கதவைக் கடந்து உள்ளே செல்லட்டும்.